விசாரிக்கப் போன வீடு

ஒரு கையில் பாண், மறு கையில் சிவப்புப் பேனை, மேசை முழுக்கப் பத்திரிகை. அன்று காலை நான் அப்படித்தான் இருந்தேன்.

மொன்றியலில் அந்த வருஷக் குளிர் தொடங்கிய கையோடு பொலிஸ் பெரிய வலை ஒன்றை விரித்திருந்தது. பிடிபட்டவர்களின் கதையைப் பத்திரிகைகள் மூன்றாவது கிழமையாகவும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தன. நடுப்பக்கம் முழுக்க முகங்கள். மேலே கொட்டை எழுத்தில் இத்தாலிய மாஃபியா. கீழே முத்திரை அளவுப் படங்கள், படத்துக்குப் படம் கோடுகள். தலைவர், தலைவரின் வலது கை, வலது கைக்குக் கார் ஓட்டுபவன் என்று இறங்கி இறங்கிப் போயின.

அம்மா எனக்குப் பின்னால் நின்று சாப்பாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த அகப்பையாலேயே கடைசி வரிசையில் ஒரு முகத்தைத் தொட்டார். படத்தில் பருப்புக் கறி ஒரு பொட்டாக ஒட்டிக்கொண்டது.

"இது எங்கட பீனாவின்ர மோன் எல்லே?"

"ஆர் பீனா?"

"பக்டரியில எனக்குப் பக்கத்து மெஷின். காலர் தைக்கிற பீனா. மூக்கைப் பார், அப்பிடியே தாய்." அகப்பையைக் கீழே வைத்தார். "அதுதான் மூண்டு கிழமையா வேலைக்கு வரேல்லை. சுகமில்லை எண்டெல்லோ போர்மன் சொன்னவன்."

நான் பாணைக் கீழே வைத்தேன். அம்மாவுக்குத் தெரிந்த ஒரு வீடு! அந்தக் கணத்தில் எனக்கு வந்த யோசனை நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் தெரியாது. வேகமாக வந்தது என்பது மட்டும் உண்மை.

சதுரங்கள்

அப்போது நான் டவுன்டவுனில் பல்கலைக்கழகம், இரண்டாம் வருஷம், சமூகவியல். குற்றமும் நகரமும் என்று ஒரு பாடம் எடுத்திருந்தேன். பேராசிரியர் தந்த கேள்வி இதுதான்: இத்தாலியக் குடியேற்றப் பகுதிகளில் இருந்து குற்றக் குழுக்களுக்குப் போனவர்கள் எந்தப் பின்னணியில் இருந்து வந்தார்கள்?

மற்றவர்கள் நூலகத்துக்குப் போனார்கள். நான் பிரிஸ்டல் மட்டை வாங்கப் போனேன். பெரிய மட்டை, அதில் ஆளுக்கொரு சதுரம். ஒவ்வொரு சதுரத்திலும் ஐந்து வரி: பெயர், பிறந்த ஊர், தகப்பனின் தொழில், இருந்த தெரு, போய் இருக்கும் கோப்பிக் கடை. பத்திரிகை, நீதிமன்றச் செய்தி, பழைய சஞ்சிகை என்று எதைக் கண்டாலும் வெட்டி ஒட்டினேன்.

சதுரங்கள் நிரம்ப நிரம்ப எல்லாம் ஒரே மாதிரி வந்தது. தெற்கு இத்தாலியில் கல்லும் வெயிலுமான ஊர்கள். யுத்தத்துக்குப் பிறகு கப்பலேறிய தகப்பன்மார். சீமெந்து வேலை, செங்கல் வேலை, றோட்டு வேலை. முதலில் ஜோன் தாலோன் சந்தையைச் சுற்றிய பழைய வீடுகளில் ஒண்டுக்குடித்தனம். பிறகு கிழக்கே சென் லெயோனாரில் சொந்தமாகச் செங்கல் வீடு. கணக்கு முடிந்துவிட்டது! அந்த ஊரும் அந்த வறுமையும் சேர்ந்தால் இந்த மனிதர்கள். இருபது வயதில் ஒரு நகரத்தையே மட்டையில் மடக்கிவிட்டதாக எனக்கு நினைப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தமிழ்ப் பெடியளின் காங் சண்டைகள் பற்றிச் செய்தி வரும். வந்த மறுநாள் கணக்குப் பாடத்தில் பின்வரிசைப் பெடியன் என் முதுகில் பேனையால் குத்துவான். "உன்ர அண்ணன் எந்தக் காங்?" எனக்கு அண்ணனே கிடையாது. "இருந்தால் உனக்கும் சேர்த்துக் கணக்குச் சொல்லித் தந்திருப்பான்" என்று திருப்பிக் கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் நின்று அழுதது தனிக் கதை.

அதே கணக்கைத்தான் மட்டையில் நானும் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் படவேயில்லை.

"அம்மா, பீனா வீட்டை போவமே? நானும் அவவோட கொஞ்சம் கதைக்கவேணும்."

"என்னத்தைக் கதைக்க?"

"மோன் எப்பிடி இதுக்குள்ள போனவன், சின்னனில ஆரோட திரிஞ்சவன்..."

அம்மா சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை டக்கென்று அமத்தினார். "கேள்வி கேக்கப் போறதெண்டால் நீ தனியப் போ. விசாரிக்கப் போறதெண்டால் நானும் வாறன்."

விசாரிக்கிறதென்றால் என்ன என்று இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செத்த வீட்டுக்குப் போய் விசாரிப்போம். ஆஸ்பத்திரியில் ஆள் கிடந்தால் விசாரிப்போம். பிள்ளையை ஆமி பிடித்துக்கொண்டு போன வீட்டுக்கும் போய் விசாரிப்போம். அந்த விசாரிப்பில் கேள்வியே கிடையாது. போய் இருக்கவேண்டும். தேத்தண்ணி தந்தால் குடிக்கவேண்டும். அவர்கள் கதைத்தால் கேட்கவேண்டும், கதைக்காவிட்டால் நிலத்தைப் பார்க்கவேண்டும்.

"அதுகள் வேற, அம்மா. இது மாஃபியா."

"தாய்க்கு என்னடி வேற?" பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வாசலில் நின்று திரும்பினார். "பதினாலு வருஷம் பக்கத்துப் பக்கத்தில இருந்து தைச்சனாங்கள். அந்தச் சிநேகிதம் உன்ர மட்டையால போச்செண்டால், பிள்ளை, பேந்து நான் உன்னோட கதைக்க மாட்டன். சொல்லிப்போட்டன்."

அம்மா படித்த பிரெஞ்சு

அந்தச் சிநேகிதம் எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லாமல் போனால் அம்மாவுக்குப் பெருமை சேராது.

அம்மா இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் கிழமையே ஷபனெல் தெருவில் ஒரு தையல் பக்டரியில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்த கை. இங்கே ஆண்களின் கோட்டு. முதல் நாள் தைத்த காலர் ஒரு பக்கம் காது போலத் தூக்கிக்கொண்டு நின்றதாம். பக்கத்து மெஷினில் இருந்த தடித்த பெண் அதை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு, தலையைச் சரித்து, வரிசை முழுக்க நடந்து காட்டியிருக்கிறார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். பிறகு அதே பெண் அம்மாவின் கையைப் பிடித்து, எந்த இடத்தில் துணியை மெல்ல இழுக்கவேண்டும் என்று காட்டித் தந்தார். அவர்தான் பீனா. அன்றிலிருந்து அம்மாவுக்கு அங்கே பெயர் "கொல்லெத்தோ ஸ்தோர்தோ." கோணல் காலர்.

எட்டு மாதம் அந்தப் பெண்களுக்கு நடுவில் இருந்து அம்மா பாஷை பிடித்தார். கடகடவென்று பிடித்தார். அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

"குசினிக்கு அவையள் குச்சீனா எண்டுகினம். இருக்கிற வாங்குக்கு பாங்கோ. மேசையில விரிக்கிற சீலைக்கு எங்கட துவாய் மாதிரி தொவாலியா. எங்கட சொல்லுகளை அள்ளிக்கொண்டு வந்து வச்சிருக்கினம்!"

அந்தச் சொற்கள் எங்களுக்குப் போர்த்துக்கேயர் விட்டுப் போனவை என்று பேந்து நான் விளக்கியபோது அம்மா நம்பவில்லை. "அப்ப அவங்களும் எங்களிட்டத்தான் எடுத்திருப்பாங்கள்."

எட்டு மாதம் முடிய அரசாங்கத்தின் இலவசப் பிரெஞ்சு வகுப்பில் இடம் கிடைத்தது. முதல் நாள். ஒவ்வொருவராக எழும்பித் தங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். வியட்நாம்காரர் தடுமாறினார், எல் சல்வடோர்க்காரி தடுமாறினார். எங்கட அம்மா கோட்டை இழுத்துவிட்டு எழும்பி, "மி கியாமோ மரியா, லவோரோ இன் ஃபாப்ரிகா" என்று, அதாவது என் பெயர் மரியா, வேலை பக்டரியில் என்று தொடங்கி, மூச்சு விடாமல் பெயர், வேலை, பிள்ளை, மழை, போர்மனின் குணம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இருந்தார். ஆசிரியை வாயில் கை வைத்தபடி கேட்டாராம்: "மரியா, நீங்கள் இத்தாலியில் எந்த ஊர்?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மா சப்பாத்தைக் கழற்றி எறிந்தது எனக்கு நல்ல ஞாபகம். "எட்டு மாசம்! எட்டு மாசமா நான் படிச்சது பிரெஞ்சே இல்லையாமடி!"

இந்த நகரத்தில் பிரெஞ்சென்று நினைத்து இத்தாலியன் படித்த ஒரே தமிழ்ப் பெண் தான்தான் என்று அம்மா நெடுநாள் வெட்கப்பட்டார். பிறகு பார்த்தால் அதே பக்டரியில் இன்னும் நான்கு பேர்!

சாத்தின கதவு

சனிக்கிழமை பின்னேரம் போனோம். அம்மாவின் கையில் மீன் கட்லட் பெட்டி. என் பையில் மடித்த மட்டை. அதை எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். கொண்டுவர மாட்டேன் என்று சொல்லவில்லை.

சென் லெயோனார் தெருக்களை நான் மட்டையில்தான் அறிந்திருந்தேன். நேரில் பார்த்தால் துப்பரவென்றால் அப்படியொரு துப்பரவு. வீட்டுக்கு வீடு செங்கல், வளைவுப் படி, வெள்ளையடித்த கைபிடி. பீனா வீட்டு முற்றத்தில் ஓர் அத்தி மரத்தைச் சாக்கால் சுற்றிக் கயிறு கட்டி, உச்சியில் வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், குளிருக்கு. பக்கத்தில் அந்தோனியார் சுரூபம். அம்மா நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

மணியை அடித்தோம். சங்கிலி போட்டபடி கதவு கொஞ்சம் திறந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க பெண். பீனாவின் மகள் ரீத்தா என்று அம்மா காதுக்குள் சொன்னார். ரீத்தாவின் கண்கள் சிவந்திருந்தன.

"சொல்லன், விசாரிக்க வந்தனாங்கள் எண்டு" என்று அம்மா என்னை இடித்தார்.

நான் படித்த பிள்ளை. பாய்ந்து விழுந்து பிரெஞ்சில் சொன்னேன். விசாரிக்க என்றதற்கு "ஆங்கெத்" என்று போட்டேன். விசாரணைக்கு அகராதியில் நேரே இருப்பது அதுதானே.

ரீத்தாவின் முகம் கல்லாகியது. "இன்னுமா? எங்கள் வழக்கறிஞரோடு பேசுங்கள்!" கதவைப் படாரென்று சாத்தினார். உள்ளே இரண்டாவது பூட்டும் விழுந்தது.

அம்மா கட்லட் பெட்டியோடு நின்றார். "என்ன சொன்னனி?"

"விசாரிக்க வந்தனாங்கள் எண்டுதான்."

"சரியாத்தானே சொல்லியிருக்கிறாய். பேந்தேன் சாத்தினவ?"

இரண்டு பேரும் அந்தோனியாரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் எனக்கு மெல்ல மெல்ல வெளித்தது. நாங்கள் ஒரே சொல்லை வைத்துத் துக்கமும் விசாரிக்கிறோம், களவும் விசாரிக்கிறோம். நான் எடுத்து நீட்டியது பொலிசின் சொல்.

விளக்கினேன். அம்மா நெற்றியில் அடித்தார். "விசாரிக்கத் தெரியாத விசரி! பதினாலு வருஷத்தை ஒரு சொல்லால முடிச்சுப்போட்டியேடி!"

குரல் உடைந்தது. அம்மாவின் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பிப் போவோம் என்று நான் சொல்ல வாயெடுக்க, அவர் படியிறங்கி வீட்டின் பக்கவாட்டுக்குப் போய்விட்டார்.

"பீனா மேல இருக்கமாட்டா. இவையளுக்குக் குசினி கீழ."

உண்மைதான். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இரண்டு குசினி. மேலே உள்ளது பார்க்க, நிலவறையில் உள்ளது சமைக்க. எங்கட ஆக்கள் புறநகரில், கர்க்லாண்டில் வீடு வாங்கிக் கராஜுக்குள் மீன் பொரிக்கிற மாதிரி. நிலமட்டத்தில் ஒரு சின்ன யன்னல், உள்ளே வெளிச்சம். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பனிக்குள் முழங்காலில் இருந்து கண்ணாடியைத் தட்டினார்.

"பீனா! சோனோ இயோ! நான்தான்! கொல்லெத்தோ ஸ்தோர்தோ!"

ஒன்றும் இல்லை. அம்மா இன்னும் பலமாகக் கூப்பிட்டார். தெருவில் நாயோடு போன ஒருவர் நின்று பார்த்தார். "கோணல் காலர் வந்திருக்கிறன், பீனா!"

உள்ளே கதிரை இழுபடும் சத்தம். யன்னலில் ஒரு வட்ட முகம். அந்த மூக்கு.

குச்சீனா

பீனாவுக்கு அறுபது இருக்கும். கறுப்புக் கம்பளிச் சட்டை, வாராத தலை. அம்மாவை அணைத்த அணைப்பில் கட்லட் பாதி நசிந்தது. ரீத்தா படியில் நின்று என்னை முறைத்தார். என் சொல் எப்படிப் பிழைத்தது என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோப்பி வைத்தார்.

பிறகு அம்மா செய்ததை நான் பல்கலைக்கழகத்தில் எங்கும் படிக்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான். இருந்தார். சுவரில் அடுக்கிய தக்காளிப் போத்தல்களைப் பார்த்தார். கோப்பி குடித்தார். கால் மணி நேரம். எனக்கு நாக்கு அரித்தது.

கடைசியில் பீனாவே தொடங்கினார். அவர் சொன்னதை அம்மா துண்டு துண்டாக எனக்குத் தமிழில் தந்தார்.

"மூண்டு கிழமை. பக்டரியில இருந்து ஒருத்தி வரேல்லை. தெருவில ஒருத்தி வரேல்லை. வந்ததெல்லாம் கமராக்காரர்."

கொஞ்சம் பொறுத்து: "புருஷன் சீமெந்து வேலை. அந்த ஆக்களோட சேர்ந்த கொந்தறாத்துக்காரர் வேலை குடுக்க வந்தால், மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு ஒரு குளிர் முழுக்க வீட்டில இருப்பார். கோயில் படியில அவையளைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். செத்தும் போனார். மோன் போய் அவையளுக்குத்தான் கார்க் கதவு திறந்து பிடிச்சவன்."

இப்படி ஒரு வரி எந்தப் பத்திரிகையிலும் இல்லை!

பீனா என்னைப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். மட்டையின் மூலை ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

அம்மாவின் கை கோப்பைக்கு மேல் அப்படியே நின்றது. வீட்டுப் பாடம் என்று சொல்லியிருக்கலாம். படம் கீறுகிற மட்டை என்றும் சொல்லியிருக்கலாம். அம்மாவைப் பார்க்காமல், உள்ளதைச் சொன்னேன். உங்கள் மகனும் இதில் இருக்கிறார் என்றும் சொன்னேன். ரீத்தா "வெளியே போ" என்றார். பீனா கையை நீட்டினார்.

மேசையில் விரித்தேன். பீனா கண்ணாடி போட்டு, மகனின் சதுரத்தைத் தேடிப் பிடித்து, விரலை வைத்து ஐந்து வரியையும் வாசித்தார். பெயர். ஊர். தகப்பன், சீமெந்துத் தொழிலாளி. தெரு. கோப்பிக் கடை. மட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"நான் எங்கே?"

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தாய்க்கு என்று நான் ஒரு வரியும் விடவில்லை. ஒரு சதுரத்திலும் விடவில்லை.

"எழுது" என்றார். "முப்பத்தொரு வருஷம். காலர். கோட்டுக்குத் தெறி தைக்கிறவள் எண்டு எழுதாதை, அது ஆரும் தைப்பினம். காலர்! இந்த நகரத்தில கலியாணம் கட்டின மாப்பிள்ளைமாரில பாதிப் பேரின்ர கழுத்து என்ர கையால."

அம்மா இதைத் தமிழில் சொன்னபோது தன் கழுத்தையும் நிமிர்த்திக்கொண்டார்.

பிறகு பீனாவின் விரல் மட்டையில் ஓடத் தொடங்கியது. இவன்ர தாய் எங்கட பக்டரி, கோட்டுக் கை தைக்கிறவள். இவன்ர தாய் ஸ்திரிக்கை போடுறவள். இவன்ர தாயை எனக்குப் பிடிக்காது, ஆனால் பொக்கற் வெட்டினால் மயிரிழை பிசகாது. ரீத்தாவும் மெல்ல வந்து குனிந்தார். "மாமா, இவன் இருந்த அதே மாடியில்தானே அந்த மூன்று பெடியன்களும்? ஒருவன் காணி உறுதி எழுதுகிற நோத்தேர், மற்றவன் பஸ் ஓட்டுகிறான், கடைசி பள்ளிக்கூட வாத்தி." இத்தாலியப் பிள்ளைகளுக்கு மாமா என்றால் அம்மா. நான் ஒரு கணம் எந்த மாமா என்று தேடினேன்.

"அவங்களையும் எழுது" என்றார் பீனா. "அதே ஊர், அதே தெரு, அதே சீமெந்து. இதில இல்லாதவங்களை எழுதாமல் இதில இருக்கிறவங்களை என்னெண்டு விளங்கப்போறாய்?"

இடம் போதவில்லை. சதுரங்களுக்கு வெளியே, ஓரத்தில், தலைகீழாக, எங்கெங்கோ எழுதினேன். ஒரு முகத்துக்கு எதிரே ஏழு எட்டுப் பெயர்கள் வந்தன. என் அழகான கணக்கு என் கண் முன்னாலேயே குலைந்தது. அன்றைக்குப் போல நான் சந்தோஷப்பட்டது குறைவு.

"ஒண்டு மட்டும்" என்றார் பீனா கடைசியாக. "என்ர மோனைக் கழுவி வெளுத்து எழுதாதை. அவன் செய்தது பிழை. நான் செய்யேல்லை."

ஆறாவது இலக்கம்

வெளிக்கிட நின்றபோதுதான் பீனா சொன்னார், இரண்டு ஞாயிறாகப் பூசையைத் தொலைக்காட்சியில் பார்ப்பதாக. மகன் பிடிபட்ட பிறகு வந்த முதல் ஞாயிறு கோயிலுக்குப் போனாராம். இருந்த வாங்கில் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வேறு வாங்குக்குப் போனார்களாம்.

"நாளைக்குப் பத்து மணிப் பூசைக்கு நான் வாறன்" என்றார் அம்மா. "முன்வாங்கு."

"எழும்பிப் போவினம், மரியா."

"போகட்டுமன். எங்களுக்குக் கால் நீட்ட இடம் காணும்."

பீனா சிரித்தார். மூக்கு முழுக்கச் சிவந்தது. வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலை வாரவேணும் என்று மட்டும் சொன்னார்.

பஸ் ஏறினோம். நான் தாய்மாரின் வரியை வைத்து மட்டையைப் புதிதாகக் கீறுவது பற்றி, வீடு வீடாகப் போவது பற்றி, பேராசிரியரிடம் இன்னும் இரண்டு கிழமை கேட்பது பற்றி மூச்சு விடாமல் அளந்துகொண்டு வந்தேன். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்து விரல் மடித்து எதையோ எண்ணினார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே போனுக்குக் கிட்டப் போனார். ஒரு வாங்குக்கு எட்டுப் பேர் காணுமாம். பீனா, தான், நான். மிச்சத்துக்குப் பக்டரிப் பெண்கள்.

முதலாவது ஆள் வருகிறேன் என்றார். இரண்டாவது ஆள் வருகிறேன் என்றார், எந்தச் சேலை என்றும் கேட்டார். மூன்றாவது ஆள் புருஷனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான்காவது ஆள் அம்மாவுக்கு விசரோ என்று கேட்டார். ஐந்தாவது ஆள் இத்தாலியப் பெண், பீனாவுக்கு முன்னால் உள்ள மெஷின்காரி. பீனாவின் பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஆறாவது இலக்கத்தை அழுத்தினார்.